கடைசிச் சீட்டு

அன்புள்ள அக்கா,

என் மகன் ஆறு வருடமாகப் பிரிட்டோரியாவில் தேசியக் கருவூலத்தில் வேலை பார்க்கிறான். அரசுக் கடன் பத்திரங்களை விற்கும் பிரிவு. இப்போது ஜொஹானஸ்பர்க்கில் ஒரு பெரிய வங்கி இரண்டரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. போகலாமா என்று அவனுக்கே குழப்பம். அமைச்சர்களாக இருந்த டிட்டோ ம்போவேனி தனியார் கம்பெனிக்குப் போகவில்லையா, டிரெவர் மானுவல் போகவில்லையா என்று கேட்கிறேன் நான். நாட்டின் மத்திய வங்கியான தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியிலேயே தனியார் பங்குதாரர்கள் இருக்கிற நாட்டில் நம் பிள்ளை மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்கிறாள் என் மனைவி. திறமைக்குக் கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவது தப்பா?

உங்கள் தம்பி,
சென்சுரியன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அம்மாவின் பழைய தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

முதலில் உங்கள் மனைவி சொன்னது. ரிசர்வ் வங்கிக்கு 1921 முதல் தனியார் பங்குதாரர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஒரு பங்குக்கு வருடத்துக்குப் பத்து சென்ட்டுக்கு மேல் அவர்களுக்குக் கிடைக்காது. மொத்தப் பங்குக்கும் சேர்த்து இரண்டு லட்சம் ராண்ட். வட்டி விகிதத்தில் அவர்கள் கைவைக்கவும் முடியாது. அதை விட்டுவிடுவோம்.

பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லிப் பிள்ளைக்கு வழிகாட்டுகிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். ம்போவேனி தொழிலாளர் அமைச்சர், பத்து வருடம் ரிசர்வ் வங்கி ஆளுநர், அப்புறம் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் ஆலோசகர், தங்கச் சுரங்கக் கம்பெனித் தலைவர். 2018இல் திரும்பி வந்து நிதியமைச்சர். மானுவல் 1996 முதல் 2009 வரை நிதியமைச்சர், பிறகு ராத்ஸ்சைல்ட் வங்கி, ஓல்ட் மியூச்சுவல் காப்பீட்டுக் கம்பெனி. நம் ஜனாதிபதி ராமபோசா சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். 2012இல் மரிக்கானாவில் 34 தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான நாளில், அந்தச் சுரங்கத்தை நடத்திய லோன்மின் கம்பெனியின் இயக்குநராக இருந்தார். இவர்களில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இத்தனை பேர் போய் வந்ததால் பாதை சரியாகிவிட்டது என்று ஒரு தகப்பன் சொல்லலாமா?

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பெரிது. அரசாங்கத்தை விட்டு வங்கிக்குப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். போவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கெடுதல் அங்கேதான் நடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

1989இல் நான் ஒரு நகரசபையின் நிதிப் பிரிவில் தட்டச்சர். சபையின் பணத்தை நிரந்தர வைப்பில் போடுவதற்கு மூன்று வங்கிகளிடம் எழுத்தில் வட்டி கேட்க வேண்டும், அதுதான் விதி. மூன்று கடிதங்களையும் நானே அடித்தேன். ஒரே வாசகம், ஒரே தேதி. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதில் வர வேண்டும். மேலதிகாரி ஒரு கடிதத்தை மட்டும் புதன்கிழமையே கையில் எடுத்துக்கொண்டு போனார். மற்ற இரண்டையும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல் என்னிடம் கொடுத்து, "தபாலில் போட்டுவிடம்மா" என்றார். போட்டேன். கார்பன் தாளின் நீலம் விரலில் ஒட்டியிருந்தது, அந்த விரலோடுதான் தபால் பெட்டிக்குள் தள்ளினேன். அந்த இரண்டு வங்கிக்கும் கடிதம் போய்ச் சேர்வதற்குள் திங்கள் மதியம் தாண்டியிருக்கும். ஒரு வங்கி மட்டும் பதில் தந்தது. நாலு மாதம் கழித்து அந்த வங்கியிலேயே அவருக்கு நல்ல பதவி. பிரிவுபசார விழாவில் மாலை போட்டோம், சமோசா சாப்பிட்டோம்.

கோப்பைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் தம்பி. மூன்று கடிதம், ஒரே தேதி, முறையான வட்டி. லஞ்சம் என்று ஒரு சென்ட் கைமாறவில்லை. அவர் உடம்பு எங்கள் அலுவலகத்தில் இருந்தது, மனசு அந்த வங்கியில் குடியேறி மாதக்கணக்காகிவிட்டது, அவ்வளவுதான். அதை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

லிம்போபோ மாகாணத்து விபிஎஸ் வங்கி கதையை நினைத்துப் பாருங்கள். 2018இல் மூழ்கியது, கிட்டத்தட்ட 190 கோடி ராண்ட் கொள்ளை போனது. சட்டப்படி அதில் பணம் போடக் கூடாத நகரசபைகளெல்லாம் போட்டிருந்தன. அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைக் காக்க வேண்டிய பொது முதலீட்டுக் கழகத்தின் அதிகாரிகளே அந்த வங்கியின் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். காவல் காக்கப் போனவர்கள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். லிம்போபோ கிழவிகள் தங்கள் சாவுச் செலவுக்குச் சேர்த்துவைத்த பணத்துக்காக வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள்.

அம்மாவின் நோட்டும் அந்த மாதிரிச் சிறுகச் சேர்த்த பணத்தின் கணக்குதான். நிறவெறி அரசு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து எங்களைப் பிடுங்கிச் சேட்ஸ்வர்த்தில் போட்ட பிறகு, தெருவில் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து அம்மா சீட்டு நடத்தினாள். மாதம் இருபது ராண்ட். சீட்டு நடத்துகிறவருக்கு முதல் சீட்டு என்பதுதான் ஊர் வழக்கம். அம்மா எடுக்க மாட்டாள். நோட்டில் எந்த வருடத்தைப் புரட்டினாலும் டிசம்பருக்கு நேரேதான் அவள் பெயர் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருடமும் அப்படித்தான். முதல் சீட்டை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டால் மற்ற பதினோரு பேரின் கணக்கில் கண் நிற்காது என்பாள். ஐந்தாம் வகுப்புகூடத் தாண்டாதவள்.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். அவன் பிரிவு வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை பத்திரங்களை ஏலத்தில் விற்கிறது. சில பெரிய வங்கிகள் மட்டுமே நேரடியாக வாங்க முடியும். நூறு கோடி ராண்ட் பத்திரத்தில் வட்டி ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு ஏறினாலே வருடத்துக்கு ஒரு லட்சம் ராண்ட் நாம் கட்டுகிறோம். அவனைக் கூப்பிடுகிற வங்கி அந்தச் சில வங்கிகளில் ஒன்றா? அதை நீங்கள் எழுதவே இல்லை. இரண்டரை மடங்கை மட்டும் எழுதினீர்கள்.

திறமைக்குக் கூலி தப்பில்லை. போகட்டும். ஆனால் அந்த வங்கி அவனோடு முதன்முதலில் பேசிய தேதியை அவனிடம் கேளுங்கள். வேலைக் கடிதத்தின் தேதி வேண்டாம், முதல் காபி குடித்த தேதி. அன்றிலிருந்து அந்த வங்கி சம்பந்தப்பட்ட எந்தத் தாள் அவன் மேசையைத் தாண்டியது என்று அவனுக்குத் தெரியும். மேலதிகாரியிடம் அதை எழுத்தில் கொடுக்கட்டும். ஏல வேலையிலிருந்து விலக்கி வேறு வேலையில் உட்காரவைக்கச் சொல்லட்டும். சில மாதம் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். அதுவரை வங்கி காத்திருக்காது என்றால், அவர்களுக்கு அவன் திறமை தேவையில்லை, அவன் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் தேவை.

குழப்பமாக இருக்கிறது என்று அவனே சொன்னானாமே. அந்தப் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் தம்பி. நீங்கள் இருவரும் சேர்ந்து அதைக் கலைத்துவிடாதீர்கள். பங்குனி உத்திரத்துக்கு டர்பன் வந்தால் அவனையும் கூட்டி வாருங்கள், அம்மாவின் நோட்டைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா