ஜி.டபிள்யூ.டி (ஜாவா நிரலை உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கருவித்தொகுப்பு): உலாவிக்கேற்ற அமைப்புகள் – கேள்வி-பதில்

குரோமில் மட்டும்தான் சோதிக்கிறேன். ஒவ்வொரு கம்பைலுக்கும் 15 பெர்ம்யூட்டேஷன் (ஒவ்வொரு உலாவி-மொழிச் சேர்க்கைக்கும் தனித்தனி நிரல்) ஓடுகிறதே?

ஜி.டபிள்யூ.டி-யின் அடிப்படையான யூசர் மாட்யூலை இன்ஹெரிட் செய்ததும், உலாவி வகையைக் குறிக்கும் யூசர்.ஏஜென்ட் ப்ராப்பர்ட்டியும் அதன் எல்லா மதிப்புகளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. உங்கள் பதிப்பில் 5 உலாவி மதிப்புகள், டீஃபால்ட்டையும் சேர்த்து 3 லொக்கேல்கள் (மொழி அமைப்புகள்): பெருக்கினால் 15. டீஃபால்ட்டும் ஒன்றாக எண்ணப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை.

பிரதான மாட்யூல் கோப்பில் கை வைக்க வேண்டாம். சோதனைக்கென்று இன்னொரு கோப்பு தொடங்குங்கள். அதில் பிரதான மாட்யூலை இன்ஹெரிட் செய்து, அதற்குக் கீழே செட்-ப்ராப்பர்ட்டியால் (ஒரு ப்ராப்பர்ட்டியின் மதிப்புகளைக் கட்டுப்படுத்தும் வரி) யூசர்.ஏஜென்ட்டுக்கு சஃபாரி, லொக்கேலுக்கு ஒரே மொழி என்று கொடுங்கள். குரோமுக்கும் சஃபாரி என்ற மதிப்புதான், ஏனென்றால் வெப்கிட் என்ற சொல்லைப் பார்த்தே முடிவாகிறது. இரண்டு கோப்பிலும் ரீநேம்-டு (மாட்யூலின் வெளியீட்டுப் பெயர்) ஒன்றாக இருந்தால் எச்டிஎம்எல் பக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. இனி ஒரே பெர்ம்யூட்டேஷன்தான்.

எங்கள் மாட்யூலில் எதையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் ஃபயர்பாக்ஸில் "கம்பைல் நேர மதிப்பு சஃபாரி, இயங்கு நேர மதிப்பு கெக்கோ1_8" (ஃபயர்பாக்ஸின் மதிப்பு) என்று எச்சரிக்கை வருகிறது.

நீங்கள் இன்ஹெரிட் செய்த ஏதோ ஒரு நூலகம் கட்டுப்படுத்தியிருக்கிறது. மாட்யூல் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். இன்ஹெரிட்ஸ் வரி வந்ததும் அந்த மாட்யூல் முழுவதும் அதே இடத்தில் விரிகிறது. ஒரே ப்ராப்பர்ட்டிக்குப் பல செட்-ப்ராப்பர்ட்டி இருந்தால் கடைசியாக வந்ததே செல்லும். எனவே எல்லா இன்ஹெரிட்ஸ் வரிகளுக்கும் கீழே, யூசர்.ஏஜென்ட்டுக்கான செட்-ப்ராப்பர்ட்டியில் சஃபாரி, கெக்கோ1_8 இரண்டையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். முன்பு சுருக்கியதை இப்படி மறுபடி விரிக்கலாம்.

எச்சரிக்கை வந்தது உங்கள் நல்ல காலம். ஒரே மதிப்பு இருக்கும்போது உலாவி எது என்று தேர்வு ஸ்கிரிப்ட் (எந்தப் பெர்ம்யூட்டேஷனை ஏற்றுவது என்று முடிவு செய்யும் சிறு நிரல்) கேட்பதே இல்லை. இருக்கும் ஒன்றை ஏற்றிவிடுகிறது, அதனால்தான் பொருந்தாமை பிறகு தெரியவருகிறது. சஃபாரியும் ஐஇ10-உம் மட்டும் இருந்திருந்தால், ஃபயர்பாக்ஸுக்கு எதுவும் பொருந்தாமல் வெறும் பக்கம்தான் நின்றிருக்கும். இந்த எச்சரிக்கையைத் தரும் யூசர்.ஏஜென்ட்.ரன்டைம்வார்னிங்கை அணைத்து இதை மறைக்காதீர்கள்.

நூலகம் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: எந்த உலாவிகள் என்பது செயலியின் முடிவு. நூலக மாட்யூலில் செட்-ப்ராப்பர்ட்டி வைக்கவே வைக்காதீர்கள்.

ஐஇ11-க்குத் தனி மதிப்பு உண்டா?

இல்லை. அது கெக்கோ1_8-இல் சேர்கிறது. குரோமியத்துக்கு மாறிய எட்ஜும் ஓப்பராவும் சஃபாரியில்.

ஃபயர்பாக்ஸுக்கென ரீப்ளேஸ்-வித் (ஒரு வகுப்புக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் விதி) எழுதினேன். பொது வகுப்பே வருகிறது.

விதிகள் கீழிருந்து மேலாகச் சோதிக்கப்படும். முதலில் பொருந்துவது எடுத்துக்கொள்ளப்படும். பொது விதியை மேலே, வென்-ப்ராப்பர்ட்டி-இஸ் (ப்ராப்பர்ட்டி மதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை) உள்ள குறிப்பான விதியை அதற்குக் கீழே வையுங்கள். உங்கள் விதிக்குப் பிறகு ஒரு இன்ஹெரிட்ஸ் வரி இருந்தால் அந்த மாட்யூலின் விதி முந்திக்கொள்ளும். பொருளை ஜிடபிள்யூடி.கிரியேட் மூலம் உருவாக்குகிறீர்களா என்றும் பாருங்கள். நியூ போட்டால் எந்த விதியும் பார்க்கப்படாது.

கொலாப்ஸ்-ஆல்-ப்ராப்பர்ட்டீஸ் போதாதா?

சோதனைச் சேவையகத்துக்குப் போதும். எல்லா உலாவிகளுக்கும் லொக்கேல்களுக்குமான நிரல் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும். கம்பைல் சீக்கிரம் முடியும், ஆனால் பயனர் இறக்கும் கோப்பு பருக்கும். வெளியீட்டுக்கு வேண்டாம்.