தோழியிடம் கேளுங்கள்: சங்கம் யாரை ஆதரிக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள்?

கேள்வி: தேர்தல் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்று, "சங்கம் முடிவெடுத்தாச்சு, இவருக்குத்தான் புள்ளடி (வாக்கு)" என்கிறார். மாதாமாதம் சந்தா கட்டும் எங்களை யாரும் கேட்டதில்லை. அந்த முடிவை எங்கே எடுக்கிறார்கள்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, நான் கொழுந்தெடுத்து, மாதர் தலைவியாகி, பிறகு மாவட்டப் பிரதிநிதியாகவும் இருந்தவள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கீழே தோட்டக் கமிட்டி, அதற்கு மேல் மாவட்டம், உச்சியில் உயர்பீடமும் தேசிய சபையும். கருத்து கீழிருந்து மேலே போக வேண்டும். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். வேட்பாளரின் ஆட்களோடு தலைவர்கள் கொழும்பில் பேசுவார்கள். சம்பளம், காணி உறுதி, தனிவீடு, ஆசிரியர் நியமனம் என்று ஒரு கோரிக்கைப் பட்டியல் கைமாறும். அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் அந்த வேட்பாளருடைய கட்சியின் பட்டியலில் நம்மவர்களுக்கு எத்தனை இடம் என்பதும் பேசப்படும். அதை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார்கள். பிறகு சபை கூடும், கை தூக்கி நிறைவேற்றுவார்கள்.

நான் இருந்த சங்கத்தில் ஒருமுறை, சபை கூடும் முன்பே தீர்மானத்தை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வேட்பாளர் எதையெதை ஒப்புக்கொண்டார் என்று வாசித்துக் காட்டுங்கள், பிறகு கை தூக்குகிறோம் என்று எழுந்து கேட்டேன். வாசித்தார்கள். மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. கழிப்பறையும் பிள்ளை மடுவமும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) அன்று அந்த இடத்திலேயே பேனாவால் சேர்க்கப்பட்டன. எழுந்து கேட்டதால் மட்டுமே சேர்ந்தன.

சங்கத்துக்கு அரசியல் எதற்கு என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1947இல் நம் தோட்ட மக்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பாராளுமன்றத்தில் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே நம்மில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போனது. 1952 தேர்தலிலிருந்து, 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாவில் சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும் வரை, நம் வாக்கால் தெரிவான ஒருவர் பாராளுமன்றத்தில் இல்லை. சம்பளத்தையும் பாருங்கள். முன்பு கம்பனிகளும் சங்கங்களும் கூட்டு ஒப்பந்தம் எழுதின. 2021இல் 1,000 ரூபாய் நாள் சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாகத்தான் வந்தது. அந்தச் சபையில் முதலாளிமார், தொழிலாளர் தரப்புகளோடு அரசு நியமிக்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் முட்டி நிற்கும்போது அவர்கள் சாயும் பக்கம்தான் வெல்லும். ஆட்சியில் யார் என்பது நம் உலைப்பானை வரைக்கும் வருகிறது. அதனால் சங்கம் ஒரு பக்கம் நிற்கட்டும். எங்களைக் கேட்டு நிற்கட்டும்.

கேட்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் மலையகத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் வென்றவர் மைத்திரிபால. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபயவை ஆதரித்தது. மாவட்டம் சஜித்துக்குப் போனது. அந்த இரண்டு தடவையும் மாவட்டத்தில் வென்ற பக்கத்தில் வேறு மலையகச் சங்கங்கள் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையோடு, மற்றச் சங்கங்களின் தமிழ் முற்போக்குக் கூட்டணி ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியோடு. மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போயின. லயத்துச் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சனம் தானாகவே முடிவெடுத்துவிட்டது. உறுப்பினர் வாக்கைக் கையில் வைத்திருக்கிறோம் என்று பேரம் பேசப் போகும் தலைவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது.

உங்கள் தோட்டத்தில் செய்யக்கூடியது ஒன்று. தேர்தல் அறிவித்ததும், தலைமை வாயைத் திறக்கும் முன், கமிட்டிக் கூட்டம் போடச் சொல்லுங்கள். சம்பள நாளை ஒட்டிய ஞாயிறு என்றால் ஆட்கள் வருவார்கள். மாதர் தலைவி கட்டாயம் உட்கார வேண்டும், கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள்தானே. இரண்டு மூன்று கோரிக்கைகளைக் கூட்டக் குறிப்பில் எழுதி, பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்குங்கள். "லயத்தை மாற்றித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு), எந்த லயம், எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் பதில் வரும்.

கேள்வி: சங்கம் சொன்னவருக்கு வாக்குப் போடாவிட்டால், நாளைக்கு எங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் சங்கத்தார் பேச வருவார்களா?
– வாசகர், பதுளை

பதில்: வந்தே ஆக வேண்டும். நீங்கள் சந்தா கட்டுவது உங்கள் தொழில் பிரச்சினைக்கு. வாக்கு இரகசியமானது, அதை உங்களிடம் கேட்கவே கூடாது. யாராவது மிரட்டினால் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் கதவு அடைத்தால், படிவம் நிரப்பி வேறு சங்கத்துக்கு மாறும் உரிமை உங்களுடையது.

கேள்வி: எங்கள் சந்தாப் பணம் தேர்தல் கூட்டங்களுக்குப் போகிறதா?
– இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி அரசியல் வேலைக்குத் தனி நிதி வைக்கலாம். அதற்குக் கட்டச் சொல்லி உறுப்பினரைக் கட்டாயப்படுத்த முடியாது. சங்கம் ஆண்டுதோறும் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளரிடம், போன வருடம் அனுப்பிய கணக்கின் பிரதியைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.