முடியில் கார்ட்டிசோல் பார்க்கப் பணம் கட்டலாமா?

சகோதரி, சுங்கை சிப்புட் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட், ஒரு வருஷமாகச் சரியான தூக்கமில்லை, முடியை அனுப்பினால் மன அழுத்தத்தை அளந்து தருகிறோம் என்ற ஆன்லைன் விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கட்டாதீர்கள். மன அழுத்தத்தில் உடம்பில் அதிகமாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் முடியில் படிவது உண்மைதான். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்வதால் பின்தலையில் தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. ஏறக்குறைய கடந்த 3 மாத நிலவரத்தைக் காட்டும், இரத்தமோ எச்சிலோ அந்த நேரத்து அளவைத்தான் காட்டும். ஆனால் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குத்தான் பயன்படுகிறது. ஒரு தனி ஆளின் எண்ணை வைத்து அழுத்தம் அதிகம் என்று முடிவுகட்ட எல்லாரும் ஒத்துக்கொண்ட வரம்பு கிடையாது, அதோடு நீங்கள் சாயம் வேறு அடிக்கிறீர்கள், அது அளவைக் குறைத்துவிடலாம், அரிப்புக்குப் பூசும் ஸ்டீராய்டு கிரீமும் கணக்கைக் குழப்பும்.

அந்தக் காசை வைத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், இரவு ஷிப்ட் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் முகம் உருண்டு வீங்குவது, வயிற்றில் ஊதா வரிகள், லேசாக இடித்தாலே கன்றிப்போவது இருந்தால் மறைக்காதீர்கள், அவை உடம்பில் கார்ட்டிசோல் மிக அதிகமாக இருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம், அதைப் பார்க்கச் சிறுநீர், எச்சில் பரிசோதனைகள் தனியாக உண்டு.