நீலமா, தெளிவா தண்ணி இருக்குற இடத்துல நீச்சலடிக்கணும், எங்க போகலாம்?

பதிலை முதல்லயே சொல்லிருதேன், காரணம் பொறவு. பாஸ்போர்ட் இல்லைன்னா லட்சத்தீவு. பாஸ்போர்ட்டும் இருந்து கையில கொஞ்சம் துட்டும் இருந்தா மாலத்தீவு. தமிழ்லயே பேசி, தமிழ்லயே படகுக்குப் பேரம் பண்ணி கடல்ல முங்கணும்னா திருகோணமலை பக்கம் நிலாவெளி. கல்ஃப்ல வேலைக்கு இருக்கவங்கன்னா ஓமன். அந்தமான் எங்கவேன்னு சண்டைக்கு வந்துராதீங்க, அதுக்கும் வாரேன்.

நான் திருநெல்வேலிக்காரன், நீச்சல் படிச்சது குறுக்குத்துறையில, அதனால தண்ணின்னா எனக்கு ஆத்துத் தண்ணி கலருதான், வெள்ளம் வந்தா செம்மண் கலரு, வடிஞ்சா லேசான பச்சை. கடல்னா உவரி, கூடுதாழை, திருச்செந்தூர். அதுவும் பெரிய கடல்தானே, போட்டோல வார மாதிரி ஏன் நீலமா இல்லைன்னு நெறைய பேரு கேக்காங்க. பாதி விஷயம் மணல்லதான் இருக்கு. உவரி கரையில ஈர மணலை ஒரு கை அள்ளிப் பாருங்க, சிவப்பும் கருப்பும் வரி வரியா ஓடும், கார்னெட், இல்மனைட்ங்குற கனிமம் கலந்த மணல் அது. வெயில்ல இருக்குற சிவப்பு நெறத்தை தண்ணி முதல் சில மீட்டர்லயே குடிச்சிரும், நீலம்தான் ஆழம் வரைக்கும் போகும். அடியில வெள்ளை மணல் கெடந்தா அந்த நீலத்தை அப்படியே மேல திருப்பி அனுப்பும், நம்ம மணலு அதை அமுக்கிரும். இதோட அலை வேற சும்மா இருக்காது, அடி மணலைக் கெளப்பிக்கிட்டே இருக்கும், புன்னக்காயல்ல தாமிரபரணி வேற வந்து வண்டலைக் கொட்டுது.

வெள்ளை மணல் எங்க கெடைக்கும்னா பவளப்பாறை இருக்குற எடத்துல. பவளம் ஒடஞ்சு நொறுங்குறது ஒரு பங்கு, இன்னொரு பங்கு கிளிமீன் பண்ணுத வேலை. அந்த மீன் பாறையைக் கடிச்சு அரைச்சுத் தின்னுட்டு மிச்சத்தைப் பொடியா வெளிய விடும், மாலத்தீவுல தேனிலவு ஜோடி ஒக்காந்து போட்டோ எடுக்குற மணல்ல நெறைய அப்படி வந்ததுதான். இதைச் சொன்னா எங்க வீட்ல அடிக்க வாராங்க.

இன்னொரு விஷயம், நீலத் தண்ணின்னா சத்து கம்மியான தண்ணி. சத்து இருந்தா கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும், பாசி பெருகுனா பச்சையாவும் கலங்கலாவும் தெரியும், அதைத் தின்ன சின்ன மீன் வரும், அதைத் தின்ன பெருசு வரும். உவரியில கடலுக்குப் போற கூட்டாளி ஒருத்தன்கிட்ட மாலத்தீவு போட்டோவைக் காமிச்சேன், உத்துப் பாத்துட்டு “ஏல, இவ்வளவு தெளிவா கெடந்தா வலை மீனுக்குத் தெரிஞ்சிராதா”ன்னு கேட்டான். அவன் கணக்கு வேற.

ஆக ஒரு ஊரை யாராவது நீலம் நீலம்னு சொன்னா நான் பாக்குறது மூணுதான், பக்கத்துல ஆறு ஏதும் வந்து கடல்ல சேருதா, மணல் வெள்ளையா, நான் போற மாசத்துல காத்து எந்தப் பக்கம் அடிக்கும். கடைசி விஷயத்தை யாரும் பாக்குறதே இல்ல, ஜூலை மாசம் ஆஃபர்ல டிக்கெட் கெடைச்சுதுன்னு போயிட்டு மழையில ரூம்ல ஒக்காந்துட்டு வாராங்க.

லட்சத்தீவுல மொத்தம் 36 தீவு, ஆளு இருக்குறது 10 தீவுல. ஆறு கெடையாது, மலை கெடையாது, சுத்திப் பவளப்பாறை வேலி மாதிரி நிக்கும், அலை அங்கனயே ஒடஞ்சிரும், உள்ள கெடக்குற தண்ணி ஆடாம அசையாம இருக்கும். நீச்சல் சுமாரா தெரிஞ்சவங்களுக்கு இதைவிட நல்ல எடம் நம்ம நாட்டுல இல்லைன்னு நான் சொல்லுவேன். கடமத், பங்காரம், அகத்தி இந்த மூணுல எது கெடைச்சாலும் போங்க. கொச்சியில இருந்து அகத்திக்கு பிளைட்டு ஒன்றரை மணி நேரம், கப்பல்னா ஒரு ராத்திரி போயிரும். சும்மா கெளம்பிப் போக முடியாது, நம்ம நாட்டு ஆளா இருந்தாலும் பெர்மிட் வாங்கணும், பேக்கேஜ் போடுறவங்களே வாங்கித் தந்துருவாங்க. மினிக்காய் தவிர மத்த தீவுல மலையாளம்தான், செங்கோட்டை தாண்டிப் பழகுன நமக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. பங்காரம் தவிர வேற எங்கயும் சரக்கு கெடையாது, அதுக்காகப் போறவங்க வேற ஊரு பாருங்க. தென்மேற்குப் பருவக்காத்து அடிக்குற ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் தலை வைக்காதீங்க.

மாலத்தீவுக்கு நம்மாளு திருவனந்தபுரத்துல பிளைட் ஏறுனா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, நெல்லையில இருந்து சென்னைக்குப் பஸ்ஸுல போற நேரத்துல பாதி கூட ஆகாது. இந்தியர்களுக்கு அங்க எறங்குன பொறவு விசா இலவசமாவே குடுக்காங்க. தண்ணிக்கு மேல கட்டுன வீடு, அந்தக் கதையெல்லாம் வேண்டாம், மாஃபுஷி, துலுஸ்தூ மாதிரி ஊர்க்காரங்க குடியிருக்குற தீவுல கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, வெலை எவ்வளவோ கம்மி, தண்ணி அதே தண்ணிதான். அங்க முஸ்லிம் மக்கள்தான், பொதுக் கரையில முழு டிரஸ் போட்டுத்தான் குளிக்கணும், நீச்சலுடைக்குத் தனியா ஒரு கரை ஒதுக்கி வச்சிருப்பாங்க. எங்க அத்தைமாரு மைனிமாரு எல்லாம் சுடிதாரோட கடல்ல எறங்குறதுக்கு இதுதான் தோது, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லாருக்கும்.

நிலாவெளியை நம்மாளுங்க ஏன் கண்டுக்கிடுறதே இல்லைன்னு எனக்குப் புரியல. நமக்குப் பிள்ளைங்க லீவு மே மாசம், அப்ப லட்சத்தீவுப் பக்கம் கடல் மோசமாக ஆரம்பிக்கும், மாலத்தீவுலயும் மழை தொடங்கிரும், ஆனா இலங்கையோட கெழக்குக் கரையில அப்பதான் கடல் அடங்கும், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் குளம் கணக்கா கெடக்கும். கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் போட்ல போனா புறாத்தீவு, 2003ல இருந்து தேசியப் பூங்கா. முட்டளவு தண்ணியில நிக்கும்போதே காலுக்குப் பக்கத்துல சின்னச் சுறா வந்துட்டுப் போகும், துடுப்பு நுனி கருப்பா இருக்கும், அது பொதுவா மனுசனை ஒண்ணும் செய்யாது, நீங்க அலறாம இருந்தா போதும். பவளத்து மேல மட்டும் காலை வைக்காதீங்க, அதுவும் செத்துரும், உங்க காலும் கிழிஞ்சிரும். மதுரையில இருந்து கொழும்புக்கு பிளைட் இருக்கு, அங்கன இருந்து ரயில்லயோ பஸ்ஸுலயோ போயிரலாம். தூத்துக்குடியில இருந்தே 2011ல கொழும்புக்குக் கப்பல் விட்டாங்க, சில மாசத்துல நின்னு போச்சு, அது மட்டும் ஓடியிருந்தா நாம எல்லாம் அல்வா கட்டிக்கிட்டுப் போயி எறங்கியிருப்போம்.

நான் அதிகமா முங்குனது ஓமன்லதான், மஸ்கட்ல வேலை. அந்தப் பக்கம் எல்லாம் பாலைவனம், மழைக்கு மட்டும் ஓடுற வாடிங்குற ஓடைதான், வண்டல் கொண்டாற ஆறு கெடையாது. செங்கடல் இவ்வளவு தெளிவா இருக்குறதுக்கும் அதான் காரணம், வருசம் பூரா ஓடுற ஆறு ஒண்ணு கூட அதுல சேரல, உப்பு வேற ஜாஸ்தி, எகிப்துல ஹுர்காதா பக்கம் போனா ஆத்துல மெதக்கத் தெரியாதவன் கூட மெதப்பான். மஸ்கட்டுக்குப் பக்கத்துல தைமானியத்னு 9 தீவு, பாதுகாக்கப்பட்ட பகுதி, பர்காவுலயோ சீப்லயோ இருந்து போட் போகும். அங்க நங்கூரம் போட்ட ஒடனே எட்டிப் பாத்தா கயிறு போயி மணல்ல படுத்துக் கெடக்குறது முழுசாத் தெரியுது, நம்ம படகோட நிழலு தனியா அடியில ஆடிக்கிட்டு இருக்கு, அந்த நிழலைக் கடந்து ஆமை ஒண்ணு அவசரமே இல்லாம போகுது.

இங்க ஒண்ணு சொல்லணும். ஆத்துல நீச்சல் படிச்சவன் ஆழத்தைக் கலரை வச்சுத்தான் கணிப்பான், மணல் தெரிஞ்சா ஆழம் கம்மி, பச்சை கருத்துக் கெடந்தா கசம், அந்தப் பக்கம் போகாதன்னு சின்னதுலயே மண்டையில ஏத்தி வச்சிருப்பாங்க. இந்த மாதிரித் தண்ணியில அந்தக் கணக்கு எடுபடாது, நல்ல ஆழமா இருந்தாலும் மணல் தெரியும். போதாததுக்கு வெளிச்சம் வளையுறதுனால மேல இருந்து நேரா பாத்தா முக்கால்வாசி ஆழம்தான் கண்ணுக்குத் தெரியும், 12 அடி 9 அடியாத் தெரியும். கால் எட்டும்னு எறங்குறவங்க லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு எறங்குங்க, மானம் ஒண்ணும் போயிராது. தேங்கா எண்ணெய் நல்லெண்ணெய் தேச்சிட்டு எறங்குற நம்ம குற்றாலப் பழக்கமும் பவளப்பாறை இருக்குற எடத்துல வேண்டாம்.

ஓமன்லயே வாடி ஷாப்னு ஒண்ணு, உப்புத் தண்ணி பிடிக்காதவங்களுக்கு. சின்ன போட்ல அக்கரைக்குப் போயி முக்கால் மணி நேரம் பாறையில நடக்கணும், பொறவு நீலப்பச்சைத் தண்ணி கெடங்கு கெடங்கா வரும், கடைசிக் கெடங்குல தலை மட்டும் நுழையுற மாதிரி பாறை இடுக்கு, அதுக்குள்ள நீந்திப் போனா குகைக்குள்ள அருவி விழுது. மேல மலையில மேகம் கருத்தா மட்டும் போகாதீங்க, 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்துச்சே, அதே மாதிரிதான் வாடியிலயும் வரும்.

அந்தமான் ராதாநகர் கரை அழகுதான், மறுக்கல, டைம் பத்திரிகை 2004லயே ஆசியாவுல சிறந்த கரைன்னு எழுதிருச்சு. ஆனா அங்க உப்புத்தண்ணி முதலை உண்டு, 2010ல அந்தக் கரைக்குப் பக்கத்துலயே மூச்சுக்குழாய் மாட்டி ஸ்நார்க்கல் பண்ணிக்கிட்டு இருந்த அமெரிக்கப் பொண்ணு ஒண்ணை முதலை இழுத்துட்டுப் போயிருச்சு. எச்சரிக்கை போர்டு இருந்தா அதை மதிச்சு நடங்க.

இன்ஸ்டால சுத்துற குரோஷியா பிளிட்விட்சே ஏரிக்கு நீச்சல் ஆசையில டிக்கெட் போட்டுராதீங்க, 2006ல இருந்து அங்க எறங்கவே தடை. உலகத்துலயே தெளிவான நன்னீர் ஏரின்னு பேரு வாங்குன நியூசிலாந்து புளூ லேக்கும் அப்படித்தான், 70, 80 மீட்டர் வரைக்கும் தண்ணிக்குள்ள பார்வை போகும், ஆனா மாவோரி மக்களுக்கு அது புனிதமான தண்ணி, கையை நனைக்கக் கூட விட மாட்டாங்க.

நம்ம பக்கத்துலயே இல்லையான்னு கேட்டா, மன்னார் வளைகுடாவுல 21 தீவு பவளத்தோட இருக்கு, 1986ல இருந்து தேசியப் பூங்கா, நெனச்சபடி தீவுல கால் வைக்க முடியாது. கன்னியாகுமரிப் பக்கம் கடல் சில நாளு நல்ல நீலமா கெடக்கும், நீந்தாதீங்க, காத்தே இல்லாம தூரத்துல இருந்து வார கள்ளக்கடல் அலைக்கு 2024 மே மாசம் லெமூர் பீச்சுல மருத்துவ மாணவர்கள் 5 பேரு போயிட்டாங்க.

செலவே இல்லாம தெளிஞ்ச தண்ணி போதும்னா பிப்ரவரி, மார்ச்சுல திருப்புடைமருதூருக்குப் போங்க. தாமிரபரணியில கடனாநதி வந்து சேருத எடம், வெள்ளம் வடிஞ்சு ஆறு அடங்கியிருக்கும், நீலம் இருக்காது, கால் விரலும் கெண்டைக் குஞ்சும் தெரியும். படித்துறையில துணி தொவச்சிக்கிட்டு இருக்க ஆச்சிமாருகிட்ட கசம் எங்கன கெடக்குன்னு கேட்டுட்டு எறங்குங்க.