மகள் இசைச் சிகிச்சை படிக்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் ஏ.எல்.இல் கர்நாடக சங்கீதம் எடுத்தவள். இசைச் சிகிச்சைதான் படிப்பன் எண்டு நிக்கிறாள். எங்க படிக்கிறது, வேலை கிடைக்குமா?"

படிக்கட்டும் அம்மா. ஆனால் முதலில் கையில் ஒரு பட்டம் இருக்கட்டும்.

இந்த நோய்க்கு இந்த ராகம் என்று பட்டியல் தரும் குறுகிய கால வகுப்புகளின் பக்கம் போக வேண்டாம். உண்மையான வேலை எப்படியென்றால், பாரிசவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த ஒருவர் தண்ணீர் கேட்கக்கூடச் சொல் வராமல் தவிப்பார். பழகிய தேவாரமென்றால் சொல்லோடு பாடிவிடுவதுண்டு. சிகிச்சையாளர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். "தண்ணி வேணும்" என்பதை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடி, நோயாளியின் இடக்கையால் அசைக்கொரு தட்டுத் தட்டவைப்பார். முதலில் சேர்ந்து பாடுவது, அப்புறம் அவர் தனியே. கடைசியில் மெட்டை மெல்ல மெல்லக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் 1973இல் வெளியான முறை இது.

வன்னியில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2009ஐக் கடந்து வந்தவர்களில் ஒருவருக்கு ஆறுதலாகும் பாட்டே இன்னொருவரைப் பதுங்குகுழிக்குள் கொண்டுபோய் விடலாம். பாட்டை அவர்களே தெரிவுசெய்ய விடவும், எங்கே நிறுத்துவது என்று அறியவும் பயிற்சி வேண்டும். நல்ல குரல் மட்டும் போதாது.

மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இரண்டிலும் இசைப் பட்டம் படிக்கலாம். கூடவே உளவியலும் படித்துவைப்பது நல்லது. பிறகு மேற்படிப்பு. பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரித்தானியாவில் முதுகலை முடித்து, சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபையில் (HCPC) பதிந்தால்தான் இசைச் சிகிச்சையாளர் என்றே சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இளங்கலையிலேயே படிக்கலாம். அதற்குள் 1,200 மணிநேரச் செய்முறைப் பயிற்சி உண்டு.

வேலை? இந்தப் பெயரில் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பதவி காத்திருக்கும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம். சங்கீத ஆசிரியராகவோ உளவளத்துணையாளராகவோ இருந்துகொண்டே, விசேட தேவையுள்ள பிள்ளைகளோடும் முதியோர் இல்லங்களிலும் இதைச் செய்யலாம். எனக்குச் சரியென்று படுவது அந்த வழிதான்.

எந்த நிறுவனத்துக்கும் காசு கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: தகுதியுள்ள ஒருவர் மேற்பார்வை செய்ய, நோயாளிகளோடு எத்தனை மணிநேரப் பயிற்சி தருவீர்கள்? எழுத்தில் பதில் தராவிட்டால் அங்கே சேர்க்க வேண்டாம்.