பட்ட கட்டையில் வெள்ளை விசிறி: மழைக்காலக் காளான் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி காளானைப் பற்றித்தான். முப்பது வருடம் தாவரவியல் நடத்திய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்ப்பேன். இந்தத் தடவை செத்த மரத்தில் முளைப்பவை மட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படத்தை வைத்து இன்ன காளானாக இருக்கலாம் என்று சொல்வேன். சாப்பிடலாம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்: டீச்சர், போன வருடம் சாய்ந்த சில்வர் ஓக் கட்டை தோட்டத்தில் கிடக்கிறது. மழைக்கு அப்புறம் அதில் வெள்ளையாக, விசிறி மாதிரி வரிசையாக முளைத்திருக்கிறது. தண்டே இல்லை. வேலைக்கு வருபவர் சிப்பிக்காளான் என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன்.

சிப்பிக்காளான் மாதிரி தெரியவில்லை. படத்தில் பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் இருப்பது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு விசிறியும் நக அளவுதான், இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். மேல்பக்கம் சாம்பல் பூத்த வெள்ளை, கம்பளி போல ரோமம். சிப்பிக்காளானின் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும், உள்ளங்கை அளவுக்கு வளரும், சதைப்பற்றோடு எளிதாகப் பிய்ந்துவிடும். உங்களுடையதை மடக்கிப் பாருங்கள். பழைய செருப்புத் தோல் போல வளைந்து கொடுத்தால் என் சந்தேகம் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஒன்றைப் பறித்துத் திருப்பி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். மீன் செவுள் போன்ற மெல்லிய தகடுகள் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து விசிறியாகப் பிரியும். ஒவ்வொரு தகடும் விளிம்பில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் வெளிப்பக்கமாகச் சுருண்டிருந்தால் அது ஷைசோஃபில்லம் கம்யூன், பிளவுச்செவுள் காளான். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது.

அந்தப் பிளவு சும்மா இல்லை. வெயில் அடித்தால் இரண்டு பாதியும் சுருண்டு வித்து உண்டாகும் பரப்பை மூடிக்கொள்ளும். மழை பெய்தால் விரிந்து மறுபடி வித்துகளை விடத் தொடங்கும். மற்றக் காளான்கள் இரண்டு நாளில் அழுகிப்போக, இது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து உயிர் பிழைக்கும். போன கார்த்திகையில் எடுத்த ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நேற்றுத் தட்டில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். காப்பி குடித்து முடித்து வந்து பார்த்தபோது தகடுகள் விரியத் தொடங்கியிருந்தன. நீங்களும் செய்து பார்த்து எழுதுங்கள்.

அதே படத்தைப் பார்த்த இன்னொருவர்: இதைச் சாப்பிடலாமா?

மணிப்பூரில் இதைக் கங்லாயென் என்று சந்தையில் விற்கிறார்கள், சமைக்கிறார்கள். ஏற்காட்டுக் கட்டையில் இருப்பது அதுதானா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கூடலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அப்படியானால் நிஜச் சிப்பிக்காளானைக் காட்டில் எப்படி அடையாளம் காண்பது?

நல்ல கேள்வி. தகடுகள் தொப்பியோடு நிற்காமல் குட்டையான காம்பு வரை இறங்கி ஓடும். காம்பு நடுவில் இருக்காது, ஓரமாக இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. நம்பகமான சோதனை வித்துத்தூள். தொப்பியை வெட்டி, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் தகடு கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தகடுகளின் அச்சு அப்படியே தூளாகப் படிந்திருக்கும். சிப்பிக்காளானுக்கு வெள்ளை, அல்லது லேசான ஊதா கலந்த வெள்ளை. அதே கட்டையில் சின்னச் சிப்பி போலவே முளைக்கும் க்ரெபிடோட்டஸுக்குப் பழுப்பு. பழுப்பு விழுந்தால் சிப்பிக்காளான் என்ற பேச்சே இல்லை. வெள்ளை விழுந்தால் சிப்பிக்காளான்தான் என்றும் ஆகிவிடாது. வெள்ளைத் தூள் விடும் விஷக்காளான்களும் உண்டு.

பட்டுக்கோட்டையிலிருந்து: தென்னை அடிமரத்தில் பழுப்பாகப் பலகை மாதிரி காளான், பட்டையிலிருந்து செம்பழுப்பு நீர் வடிகிறது.

இது அடையாளம் காணும் கேள்வி இல்லை, நோய். கேனோடெர்மா என்ற பூசணத்தால் வரும் தஞ்சாவூர் வாடல் நோயின் குறி போல இருக்கிறது. உடனே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். பக்கத்து மரங்களுக்குப் பரவுவதற்குள்.

கொல்லிமலைப் பக்கம் ஒரு பெரியவர்: அம்மா, நீங்கள் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். தரையில் முளைப்பதுதான் விஷம். மரத்தில் முளைப்பதில் விஷமே கிடையாது என்பது எங்கள் பாட்டன் காலத்துப் பேச்சு. பூச்சி தின்றிருந்தால் மனிதனும் தின்னலாம். சந்தேகம் என்றால் வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால், விஷமானால் காசு கறுத்துத் தெரிந்துவிடும்.

ஐயா, இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

வெள்ளிக்காசு முதலில். உயிரைக் கொல்லும் அமடாக்சின் என்ற காளான் விஷம் வெள்ளியோடு வினைபுரியாது. சிலர் காசுக்குப் பதில் பூண்டு போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் கறுக்காது. வேகவைத்தாலும் அந்த விஷம் அழியாது. நத்தையும் புழுவும் அமனிட்டா என்ற விஷக்காளான் வகைகளைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். அவற்றின் உடம்பு வேறு, நம் ஈரல் வேறு.

மரத்தில் முளைப்பதில் விஷமில்லை என்பதுதான் ஆளைக் கொல்லும் பேச்சு. குளிர்நாடுகளில் மட்கும் ஊசியிலை மரக்கட்டையில் கேலரினா மார்ஜினாட்டா என்று ஒரு சின்னப் பழுப்புக் காளான் வளர்கிறது. அதில் இருப்பதும் அதே அமடாக்சின்தான். ஜப்பானில் பட்டுப்போன பீச் (beech) மரங்களில் சுகியோடாகே என்ற விஷக்காளான் வளர்கிறது. சிப்பிக்காளான், ஷீட்டாகே என்று நினைத்துச் சாப்பிட்டு அங்கே அடிக்கடி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

அதே பெரியவர்: அது ஜப்பான் கதை. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சாப்பிடுகிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பழங்குடி மக்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது டீச்சர். காட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவது புத்தகத்தில் கிடையாது.

ஒப்புக்கொள்கிறேன். இந்த மரத்தில், இந்த மாதத்தில், இந்த மணத்தோடு வருவது இன்னது என்று உங்கள் வீட்டில் தெரிந்து வைத்திருப்பது உண்மையான அறிவு. நான் மறுப்பது அதை அல்ல. அதைச் சுருக்கி ‘மரத்தில் முளைத்தால் சரி’ என்று ஒரு விதியாக்கி, காட்டைப் பார்க்காத பேரப்பிள்ளை கையில் கொடுக்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

நாலு தலைமுறை என்றீர்கள். மறுபடி ஜப்பானுக்குத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீகாட்டா, அகிட்டா, யாமகாட்டா பகுதிகளில் சுகி என்ற ஊசியிலை மரத்தின் அழுகிய அடிக்கட்டையில் வெள்ளை வெளேரென்று சிப்பி போல ஒரு காளான் வரும். பெயர் சுகிஹிராடாகே. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்கள். 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கைகால் நடுங்கி, வலிப்பு வந்து, 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தவர்கள். சாப்பிட வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. ஐயா, உங்கள் வீட்டில் சர்க்கரை நோயோ டயாலிசிஸோ இருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்குக் காட்டுக் காளான் கொடுக்காதீர்கள். இதை உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன்.

மேகமலையிலிருந்து: ராத்திரி மட்கிய கட்டை பச்சையாக ஒளிர்ந்தது. நிஜமா, பிரமையா?

நிஜம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் மைசீனா வகைச் சின்னக் காளான்களும், கட்டைக்குள் ஓடும் அவற்றின் பூசண இழைகளும் ஒளிரும். லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வரும் குளிர்ந்த வெளிச்சம் அது. டார்ச்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்குங்கள். மேலே சொன்ன சுகியோடாகேயும் ஒளிரும், அதனால் ஒளி அழகுக்கு மட்டும்.

மூன்று பேர், மூன்று படங்கள்: சாப்பிடலாமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

இன்னொருவர்: மேல்பக்கம் மட்டும் படம் எடுத்தேன். பெயர் சொல்லுங்கள்.

அடிப்பக்கம் இல்லாமல் முடியாது.

ஓர் அம்மா: டீச்சர், குழந்தை தோட்டத்துக் கட்டையிலிருந்த காளானைக் கடித்துவிட்டான். இப்போது நன்றாகத்தான் விளையாடுகிறான்.

இதைப் படித்ததும் கிளம்பிவிடுங்கள் அம்மா. 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானை அடியோடு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். அமடாக்சின் என்றால் முதல் ஆறு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி பேதி வரும், நின்றுவிட்டது போலவும் இருக்கும், அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். குழந்தை விளையாடுகிறான் என்று காத்திருக்காதீர்கள்.

அதே அம்மா, மறுநாள்: அவன் கடித்தது காது மாதிரி வழவழப்பான ஒன்று. விஷமில்லை என்று ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

வயிற்றில் பால் வார்த்தீர்கள். மரக்காதுக் காளானாக இருந்திருக்கும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர் மறுபடியும்: டீச்சர், மடக்கினால் தோல் மாதிரி வளைகிறது. தண்ணீர் விட்டேன், அரை மணி நேரத்தில் விரிந்தது. லென்ஸில் ஒவ்வொரு தகடும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆனால் அதே கட்டையின் மறுமுனையில் இன்னும் மெல்லியதாக ஒன்று இருக்கிறது. அதன் தூள் பழுப்பாக விழுந்தது.

முதலாவது ஷைசோஃபில்லம்தான், இப்போது உறுதியாகச் சொல்கிறேன். இரண்டாவது க்ரெபிடோட்டஸாக இருக்கலாம். பார்த்தீர்களா, ஒரே கட்டையில் இரண்டு. வேலைக்கு வருபவரையும் கூப்பிட்டு இரண்டு தூளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்த விசிறிகளில் ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். பங்குனி வெயிலில் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.