தெர்மோஸ்டாட்டின் பேட்டரி ஏன் இறங்கிப்போகிறது?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர், வீட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கித் தாமே பொருத்தினார். சுவரிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர்கள் மட்டுமே அதற்குள் போகின்றன. கடுங்குளிர் இரவுகளில் முதலில் வைஃபை தொடர்பு அறுந்துபோகிறது. விடிவதற்குள் திரை இருண்டு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் நின்றுவிடுகிறது. கழற்றி யுஎஸ்பி வயரில் சார்ஜ் செய்தால் சில நாள்கள் ஒழுங்காக இயங்குகிறது. பேட்டரி செத்துவிட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அடுத்த மாதம் மூன்று வாரம் யாழ்ப்பாணம் போகிறோம். என்ன செய்வது?

பதில்: புதியது வாங்க அவசரப்படாதீர்கள், அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் துப்பு இருப்பது பேட்டரியில் அல்ல, அந்த இரண்டு வயர்களில்தான். யுஎஸ்பியில் சார்ஜ் ஏறி, சில நாள் தாங்குகிற பேட்டரியைச் செத்தது என்று சொல்ல முடியாது. அதற்குச் சுவர் வழியாக வரவேண்டிய மின்சாரம் போதிய அளவு வரவில்லை. வைஃபை முதலில் அறுவதும் பழுதல்ல. மின்னழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது, மிச்சமுள்ளதைக் காப்பாற்ற இத்தகைய கருவிகள் வைஃபையைத் தாமே அணைத்துவிடுகின்றன.

ஃபர்னஸில் உள்ள சிறு டிரான்ஸ்பார்மர் 24 வோல்ட் மின்சாரத்தைச் சிவப்பு வயரில் (ஆர்) அனுப்புகிறது. வெப்பம் வேண்டும்போது தெர்மோஸ்டாட் அதை வெள்ளை வயருடன் (டபிள்யூ) இணைக்கிறது, ஃபர்னஸ் எரிகிறது. பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான் என்பதால் இந்த இரண்டு வயர்களே அதற்குப் போதுமானவை. திரையும் வைஃபையும் கொண்ட கருவியோ ஃபர்னஸ் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அந்தச் சுற்றிலிருந்தே துளித்துளியாக மின்சாரத்தை உறிஞ்சிப் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ஃபர்னஸ் எரியும்போது இரண்டு வயர்களும் ஒன்றாக இணைந்துவிடுவதால் அவற்றுக்கிடையே உறிஞ்சுவதற்கு மின்னழுத்த வேறுபாடே இருப்பதில்லை. ஜனவரிக் குளிரில் இரவெல்லாம் ஃபர்னஸ் எரிந்தால், செலவு நிற்காது, வரவு வற்றிவிடும். இலையுதிர் காலத்தில் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லாதிருந்தால், காரணம் இதுவே.

இதற்கு மருந்து ‘சி’ எனப்படும் மூன்றாவது வயர்; டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் பாதை அது. அது இருந்தால் கருவிக்கு இடைவிடாமல் மின்சாரம் கிடைக்கும். ஃபர்னஸின் மின்சுவிட்சை அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டின் அடித்தகட்டைக் கழற்றி, சுவரின் துளைக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பயன்படுத்தாத நீல வயர் ஒன்று கேபிளின் மேலுறையைச் சுற்றி முறுக்கிவிடப்பட்டிருப்பது பல வீடுகளில் உண்டு. நிறத்தை மட்டும் நம்பாமல், அதே வயரின் மறுமுனையை ஃபர்னஸில் தேடிப்பிடித்து, அங்குள்ள மின்சுற்றுப் பலகையில் ‘சி’ என்று குறித்த திருகில் இணைக்க வேண்டும். இங்கே தெர்மோஸ்டாட்டின் ‘சி’ துளையில் செருக வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ‘ஆர்’ வயர் ‘சி’ வயரைத் தொட்டுவிட்டால் பலகையில் உள்ள ஃபியூஸ் போய்விடும். கார்களில் இருக்கும் அதே தட்டை ஃபியூஸ்தான், பெரும்பாலும் 3 அல்லது 5 ஆம்பியர். ஒன்றை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஃபர்னஸைத் திறக்கத் தயக்கமாக இருந்தால், உரிமம் பெற்ற எரிவாயு டெக்னீஷியனை அழையுங்கள். அவருக்கு இது சிறிய வேலை.

உபரி வயர் இல்லாவிட்டால் புதிய கேபிள் இழுக்கலாம், அல்லது சுவர் பிளக்கில் செருகும் 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரை, உங்கள் மாடலுக்கு ஏற்றதா என்று பார்த்து, வாங்கலாம். சுவரில் வயர் தொங்குவது அழகாக இராது, ஆனால் வேலை நடக்கும்.

மென்பொருளும் சில வேளை குற்றவாளியாகிவிடுவதுண்டு. 2016 ஜனவரியில் நெஸ்ட் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் பல, மென்பொருள் மேம்படுத்தலில் இருந்த பிழையால் பேட்டரி தீர்ந்து, குளிரில் வீடுகளைக் கைவிட்டன. உங்கள் சிக்கல் குளிர் இரவுகளோடு மட்டும் ஒட்டி வருவதால் நான் அதைச் சந்தேகிக்கவில்லை.

பயணத்துக்கு முன் ‘சி’ வயர் வேலை முடியாவிட்டால், கழற்றிய பழைய தெர்மோஸ்டாட் வீட்டில் இருந்தால் அதையே மாட்டிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாயின் பிரதான வால்வையும் மூடிவிடுங்கள். ஃபர்னஸ் நின்று குழாய் உறைந்து வெடித்தால் வரும் செலவு தெர்மோஸ்டாட்டின் விலையைப் போலப் பல மடங்கு.

கேள்வி: எங்கள் தெர்மோஸ்டாட்டில் ஏஏஏ செல்கள் இரண்டு போடவேண்டும். ரீசார்ஜ் செல்கள் போட்டால் இரண்டே நாளில் ‘பேட்டரி குறைவு’ என்கிறதே?

பதில்: ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் முழுதாக நிரம்பியிருந்தாலும் பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட் அளவிலேயே நிற்கும். ஆல்கலைனுக்கு என்று அளந்துவைத்த கருவி அதைப் பாதி தீர்ந்த செல்லாகவே எடுத்துக்கொள்ளும். புதிய ஆல்கலைன் செல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்; பழையதையும் புதியதையும் கலந்து போடவேண்டாம்.